ரூபாய்க்கு ஒரு பைசா

கொட்டகைக்குள் இரும்பு ஆகாது.
கரியராமன் சாவிக்கொத்தைச்
சில்வர் ஓக் கிளையில் மாட்டுவார்,
பெல்ட்டைக் கழற்றிக் கல்மேல் வைப்பார்,
பிறகுதான் செம்பு ஆணி அடித்த கதவைத் தொடுவார்.
என் கொலுசு உள்ளே வரலாம்.
செவ்வாய்ப்பேட்டை வெள்ளி அது,
காந்தமானி அதைக் கண்டுகொள்வதில்லை.

கீழே மாக்னசைட் சுரங்கத்தில்
கணக்கெழுதும் என் வீட்டுக்காரர் கேட்பார்:
"உன் காந்தத்துக்கும் எங்க கல்லுக்கும் சொந்தமா?"
பெயரளவில்தான்.
சொந்தம் வேண்டுமானால் கஞ்சமலைக்குப் போகணும்,
அங்கே கறுப்புப் பாறைமேல் வைத்த திசைகாட்டி
வடக்கை மறந்து விழிக்கும்.

மே மாதம். நிலா இல்லை. நாகலூர் மேட்டில்
எல்லா விளக்கையும் அணைத்திருந்தோம்.
சூரியன் இரண்டு நாளைக்கு முன் எறிந்தது
அன்று மாலை வந்து சேர்ந்தது.
கோடு ஒரு துள்ளு துள்ளியது,
பிறகு இறங்கியது,
பாரம் ஏற்றிய லாரி ஏற்காட்டு வளைவுகளில்
ஒவ்வொன்றாக இறங்குகிற மாதிரி,
நின்று, முனகி, மறுபடி.
நாற்பதாயிரத்தில் நானூறு குறைந்தது.
ரூபாய்க்கு ஒரு பைசா.
சந்தையில் யாரும் குனிந்து எடுக்க மாட்டார்கள்.

லடாக்கிலிருந்து ஜெயசீலி படம் அனுப்பினாள்:
மலை விளிம்பில் ரத்தச் சிவப்பு.
கீழே ஒரே சொல், "பாத்தியாடி!"

எனக்குக் கணக்குத் தெரியும்.
இங்கே துருவ நட்சத்திரமே
ஒரு கைமுட்டிக்குச் சற்று மேலேதான் நிற்கும்.
அந்தச் சிவப்பு பூமியின் முதுகைத் தாண்டி
என் கண்ணுக்கு வராது.
தெரிந்தும்
வடக்கே பார்த்து நின்றேன்,
கழுத்து வலிக்கிற வரை.

ஒரு மணிக்கு மாதையன் போன் செய்தான்.
ஜீப் ஓட்டுகிறவன், மலைக்கு அந்தப் பக்கத்தில் இருந்தான்.
"மேடம், வடக்க வானம் செவக்குது!"
ஓடினேன். செவந்துதான் இருந்தது,
அசைந்தது, திரை மாதிரி மடிந்தது,
நெஞ்சு தொண்டைக்கு வந்தது.
அப்புறம் காற்று திரும்பியது.
எலுமிச்சம்புல் கருகும் வாசனை.
துருவ ஒளிக்கு வாசனை கிடையாது.

கேட்டைத் திறக்க, வாளி எடுக்க, ஆள் கூப்பிட
கரியராமன் மூன்று தடவை ஓடினார்.
வனத்துறையார் பச்சைக் கிளையால் அடித்து
இரண்டரை மணிக்குத் தீயை அடக்கினார்கள்.
புகை விலக இன்னும் ஒரு மணி நேரம்.

பிறகு, தூக்கம் வராமல்,
சிவப்பு வடிகட்டியை மாட்டிக்
கேமராவை வானத்துக்குத் திருப்பி வைத்தேன்.
இருநூற்றைம்பது கிலோமீட்டர் உயரத்தில்
ஓர் ஆக்சிஜன் அணு சிவப்பாக ஒளிர
ஏறக்குறைய இரண்டு நிமிடம் தனிமை வேண்டும்.
அதற்குள் யாராவது இடித்துவிட்டால்
சொல்ல வந்ததை விழுங்கிவிடும்.
நம் உயரத்துக் காற்றோ
ஆறு மணிப் பழைய பஸ் ஸ்டாண்டு.

படத்தில் இருந்தது.
தெற்கிலிருந்து வடக்காக மங்கலான பட்டைகள்.
பகலில் வெயில் பிய்த்துப்போட்ட எலக்ட்ரான்கள்
இருட்டில் திரும்பி வந்து ஒட்டும்போது
கசிகிற வெளிச்சம்.

"இதா அது?" என்றார் கரியராமன்.
"அது இல்ல. அதுக்குச் சித்தப்பா மகன் மாதிரி."
"தினம் இருக்குமா?"
"தினம். புயல் இல்லாதப்பவும்."
மேலே பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.
"எங்க தாத்தன் காலத்துலயும்?"
"ஆமா."
"யாரும் சொல்லவே இல்லையே" என்றார்,
ஏதோ பங்கு கொடுக்காமல் விட்ட மாதிரி.

விடிந்ததும் பதிவேட்டை எழுதினேன்.
ஒன்று பத்து முதல் மூன்றரை வரை
வானப் படங்கள் கழிவு, காரணம் புகை.
காந்தக் கோட்டில் ஒன்று பன்னிரண்டுக்கு
கூர்மையாய் ஒரு பல்,
மூன்று நானோடெஸ்லா.
சூரியன் பக்கம் எதுவும் பொருந்தவில்லை.
நிமிர்ந்து பார்த்தேன்.
சில்வர் ஓக் கிளை வெறுமையாய் இருந்தது,
கரியராமன் பாக்கெட் தொங்கியது.

காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்:
சாவிக்கொத்து. தீ என்று சொல்ல உள்ளே ஓடி வந்தார்.